நாலு விரல் காற்று

எங்கள் வண்டியைக் கிளப்புவது சோறு வடிப்பதைவிட நேரம் எடுக்கும் வேலை. உலகச் சண்டை வந்து பெட்ரோலுக்கு ரேஷன் சீட்டு வைத்தார்கள். பிறகு சீட்டு இருந்தும் பெட்ரோல் இல்லாமல் போயிற்று. அப்போதுதான் ஃப்ளோரன்ஸ் அக்கா வண்டியின் பின்புறத்தில் கேஸ் பிளாண்ட் மாட்டச் சொன்னாள். அது மார்பளவு உயரமுள்ள இரும்பு டிரம். அதில் அடுப்புக்கரியைக் கொட்டிப் பற்றவைத்து, பக்கத்தில் கைப்பிடி வைத்திருக்கும் விசிறியை எஞ்சின் கிளம்பும்வரை சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கரி கனன்று அதிலிருந்து வாயு கிளம்பும். அது குழாய் வழியாக முன்னால் போய் எஞ்சினை ஓட்டும். விசிறி சுற்றுவது என் வேலை.

டிரம்மை மாட்டிக் கொடுத்த ஷரஃபுதீன் பாய் மயிலாப்பூரில் பட்டறை வைத்திருந்தார். எங்கள் தெரு வழியாகப் போனால் நின்று பார்ப்பார்.

"இன்னா பாப்பா, காலைல பிரியாணிக்கு தம் போட்டுக்கினு கீறியா? எனக்கு ஒரு பிளேட் எடுத்து வையி."

நான் தலையைக் குனிந்துகொள்வேன். எனக்கு வெளி ஆட்களிடம் பேச வராது. எட்டாவதில் பள்ளிக்கூடத்தை விட்டதற்கும் அதுதான் காரணம். எழுந்து நின்றால் குரல் தொண்டையிலேயே நின்றுவிடும். என் பதிலையும் அக்காவே சேர்த்துச் சொல்வாள்.

"பாய், பிரியாணி உங்களுக்குத்தான். கரி வாங்கிக் கொடுத்துட்டு சாப்பிட வாங்க."

அந்த வண்டி எங்கள் அப்பா காஸ்பர் வாங்கியது. கான்வாஸ் கூரை போட்ட பழைய வண்டி. கதவுகளுக்கு மேலே கண்ணாடி கிடையாது. மழை வந்தால் பக்கவாட்டில் திரை மாட்டிக்கொள்ள வேண்டும். திரையின் நடுவில் வெளியே பார்க்க மைக்கா தாள் தைத்திருக்கும். ஓரங்களில் பித்தளைக் குமிழ்கள். அப்பா இறந்த பிறகு வண்டி கொட்டகையில் கிடந்தது. விற்றுவிடலாம் என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் அக்கா ஏ.ஆர்.பி. என்ற வான்தாக்குதல் பாதுகாப்புப் படையில் சேர்ந்து ஆம்புலன்ஸ் ஓட்டக் கற்றுக்கொண்டாள். குண்டு விழுந்தால் காயம்பட்டவர்களை ஏற்றிவர வேண்டும் என்று பெண்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். குண்டு விழவில்லை. அக்காவுக்கு வண்டி ஓட்ட வந்துவிட்டது.

சாந்தோம் கோயிலில் பூசை முடிந்து பெண்கள் வெளியே வரும்போது, ஸ்டீயரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருக்கும் அக்காவைப் பார்த்து முக்காட்டுக்குள் சிரிப்பார்கள். "காஸ்பர் வீட்டு மூத்தவளுக்கு மாப்பிள்ளை தேட வேண்டாம், டிரைவர் லைசென்ஸ் இருக்கே" என்று ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். அக்கா அதையெல்லாம் காதில் வாங்க மாட்டாள். ரோட்டில் இருக்கும்போது ரோட்டைத் தவிர வேறெதையும் அவள் வாங்கிக்கொள்ள மாட்டாள்.

அவள் ஓட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது எனக்குப் பிடிக்கும். முன்னால் மாட்டுவண்டி போனால் ஹாரன் அடிக்க மாட்டாள். மிரண்ட மாடு எந்தப் பக்கம் திரும்பும் என்று மாட்டுக்கே தெரியாது என்பாள். தார் ரோட்டில் மழை தொடங்கிய முதல் கால்மணி நேரம் ஊர்ந்துதான் போவாள். எண்ணெயும் புழுதியும் குழைந்து வழுக்குவது அப்போதுதானாம். லஸ் முனையில் டிராம் தண்டவாளம் நனைந்திருந்தால் சக்கரம் அதோடு ஒட்டி ஓடாதபடி குறுக்கே வெட்டித் தாண்டுவாள். தேங்கிய தண்ணீரைக் கடந்து வந்தால் கொஞ்ச தூரம் பிரேக்கை லேசாக மிதித்தபடியே போவாள், உள்ளே ஈரம் காயட்டும் என்று. சீட்டுக்கு அடியில் ஒரு புட்டி பெட்ரோல் எப்போதும் இருக்கும். உயிருக்கு ஆபத்து என்றால் தவிர அதைத் தொடக்கூடாது.

கேஸ் பிளாண்ட் வந்த பிறகு இன்னொன்றும் சேர்ந்தது. கரி கனன்றுகொண்டிருக்கும்போது எல்லாத் திரைகளையும் மூடக்கூடாது. பக்கத்துக்கு நாலு விரல் அகலமாவது திறந்திருக்க வேண்டும். பூந்தமல்லி ரோட்டில் மழைக்குப் பயந்து கரியில் ஓடும் லாரிக்குள்ளேயே மூடிப் படுத்த ஒரு கிளீனர் காலையில் எழுந்திருக்கவில்லை என்று ஏ.ஆர்.பி. வகுப்பில் சொன்னார்களாம். அக்கா ஒவ்வொரு முறையும் தன் விரல்களைத் திரைக்கும் கதவுக்கும் நடுவே வைத்து அளந்து பார்த்துவிட்டுத்தான் கிளம்புவாள்.

லூயிசா அக்கா எங்கள் நடு அக்கா. அவள் கணவர் வில்லியம் அத்தான் பட்டாளத்தில் எழுத்தர் வேலையில் அஸ்ஸாம் பக்கம் இருந்தார். அவளுக்கு முன்னால் இரண்டு குழந்தைகள் பிறந்து இரண்டும் தங்கவில்லை. முதல் பெண் ஜன்னி வந்து போனாள். அடுத்தவன் பிறந்தது மார்கழியில். வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றைக்கே சளி கட்டி, பொங்கலுக்கு முன் போய்விட்டான். ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியில் பட்ட வாடைக்காற்றுதான் அவனைக் கொண்டுபோயிற்று என்று அம்மா முடிவு செய்துவிட்டாள். அந்த முறை வாடகைக் குதிரை வண்டியில் வந்தார்கள். அதன் பின்பக்கம் திறந்திருந்தது.

அதனால் மூன்றாவது குழந்தை பரங்கிமலையில் கன்னியாஸ்திரீகள் நடத்திய சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியில் நல்லபடியாகப் பிறந்து, அங்கேயே சுவாமியார் ஞானஸ்நானம் கொடுத்து, இக்னேஷியஸ் என்று பேரும் வைத்த பிறகு, அம்மாவுக்கு ஒரே ஒரு கவலைதான் மிச்சம். அவனை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். காற்றுப் படாமல் கொண்டுவர வேண்டும்.

நாள் குறித்த அன்று காலையிலிருந்தே மழை. ஐப்பசி அடைமழை. அடையாறு நிரம்பி ஓடுகிறது என்று பால்காரி சொல்லிவிட்டுப் போனாள்.

"நாளைக்குப் போலாமேம்மா" என்றாள் அக்கா.

"நாளைக்கு மழை நிக்கும்னு உனக்கு யாரு தந்தி அடிச்சா? படுக்கை வேணும்னு கன்னியர் சொல்லியாச்சு. கிளம்பு."

பரங்கிமலைக்குப் போகும்போது ஒரு தொந்தரவும் இல்லை. மழை தூறலாக இருந்தது. திரும்பும்போதுதான் கனத்தது. ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தியதும் அம்மா ஒரு துணி மூட்டையோடு இறங்கினாள். எனக்கு அப்போதே ஏதோ புரிந்தது. வீட்டிலிருந்த பழைய துண்டுகள், பஞ்சு, அப்பாவின் கிழிந்த கம்பளி எல்லாம் அதில் இருந்தன. பின்சீட்டுத் திரைகளின் குமிழ்களை ஒவ்வொன்றாக மாட்டி, திரைக்கும் கதவுக்கும் இடையில் துண்டைத் திணித்தாள். தரைப் பலகையில் இருந்த ஓட்டையில் கம்பளியை அடைத்தாள். அக்கா நனைந்துகொண்டே பார்த்தாள்.

"அம்மா, பின்னால ஒரு பக்கமாவது நாலு விரல் திறந்திருக்கணும்."

"திறந்து? வாடைக்காத்தைக் கூப்பிட்டு மடியில உக்கார வைக்கவா?"

"கரிப்புகை உள்ள வரும்மா."

"வந்தா கண்ணு எரியும், இருமல் வரும், உடனே திறந்துக்கறேன். எனக்குப் புகையைப் பத்திச் சொல்லித் தரியா? நாப்பது வருஷமா அடுப்பு ஊதறவ நான்."

"இது கண்ணு எரியற புகை இல்ல. மணமே இருக்காது."

"மணமில்லாத புகை!" அம்மா லூயிசாவைப் பார்த்துச் சிரித்தாள். "உங்க அக்கா ஏ.ஆர்.பி.ல படிச்சதுல இது ஒண்ணு. நெருப்பில்லாம வேகற சோறும் இருக்கான்னு கேளு."

லூயிசா சிரிக்கவில்லை. காதில் பஞ்சு வைத்து, தலையைச் சுற்றித் துணி கட்டி, குழந்தையை மார்போடு சேர்த்துப் பிடித்து நின்றாள். குழந்தையின் முகம் ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்குத்தான் வெளியே தெரிந்தது.

"அம்மா, நான் சொல்றதைக் கேளு. இது விளையாட்டு இல்ல" என்றாள் அக்கா மறுபடியும்.

அம்மா திணித்துக்கொண்டிருந்த துண்டை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். குரலை உயர்த்தாமல்தான் பேசினாள்.

"ரெண்டு பேரைக் கல்லறைத் தோட்டத்துல விட்டுட்டு வந்திருக்கேன், ஃப்ளோரன்ஸ். ரெண்டு பெட்டியையும் இந்தக் கையிலதான் தூக்கிட்டுப் போனேன். உனக்கு அது விளையாட்டா?"

அக்கா தன் பக்கத்துத் திரையை மட்டும் திறந்தே வைத்துக்கொள்வதாகச் சொன்னாள். அம்மா அதற்குச் சம்மதித்தாள். பிறகு மூட்டையிலிருந்து தன் தடித்த நூல்புடவை ஒன்றை எடுத்து, முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் நடுவே கூரைக்கம்பியில் கட்டித் தொங்கவிட்டாள். முன்னாலிருந்து காற்று வராமல் இருக்க.

அக்கா அந்தப் புடவையைப் பார்த்தாள்.  "ஓடற வண்டியில புகை பின்னாலயே போயிடும். எங்கயும் நிக்காமப் போயிடணும்" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

அம்மா அக்காவுக்குப் பின்னால். லூயிசாவும் குழந்தையும் எனக்குப் பின்னால். அவர்களுக்கு முதுகுப்புறம், ஒரு பலகைக்கு அந்தப் பக்கம், டிரம்.

வண்டி நகர்ந்ததும் அம்மா ஜெபமாலையை ஆரம்பித்தாள். எங்கள் வீட்டில் வழக்கம் அது. வண்டி ஏறினால் இறங்குவதற்குள், மாலையின் மணிகளைப் பத்துப் பத்தாக எண்ணிச் சொல்லும் ஐம்பத்துமூன்று மணி ஜெபம் முடிந்திருக்க வேண்டும். அம்மா முதல் பாதியைச் சொல்வாள், மற்றவர்கள் அடுத்த பாதியைச் சொல்ல வேண்டும். அக்காவுக்கு மட்டும் விலக்கு. "நீ ரோட்டைப் பாரு, உனக்கும் சேர்த்து நாங்க சொல்றோம்" என்பாள் அம்மா. நான் உதட்டை மட்டும் அசைப்பேன். அதனால் அன்றைக்குப் புடவைக்குப் பின்னாலிருந்து வந்தவை இரண்டு குரல்கள்தான்.

"பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க" என்று அம்மா.

"அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே" என்று லூயிசா.

கிண்டியைத் தாண்டும்வரை அது ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. மழையில் ரோடு தெரியவில்லை. வண்டி விளக்குகளின் மேல்பாதியில் விமானத் தாக்குதலுக்குப் பயந்து பூசிய கறுப்புப் பூச்சு இன்னும் இருந்தது. அக்கா ரோட்டின் முதுகிலேயே, நட்ட நடுவில், மெதுவாகப் போனாள். எதிரே வண்டி வந்தால் மட்டும் ஓரம் கொடுத்தாள்.

அடையாற்றைக் கடக்கும் மர்மலாங் பாலத்துக்குச் சற்று முன்னால் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டினார். முன்னால் இரண்டு மாட்டுவண்டிகளும் ஒரு பஸ்ஸும் நின்றிருந்தன. பாலத்தின் மேலே பட்டாள லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தன.

"மிலிட்டரி கான்வாய். அது முடியறவரிக்கும் ஒரு ஈ கூட நகரக்கூடாது" என்றார் போலீஸ்காரர். பிறகு குனிந்து உள்ளே பார்த்தார். "இன்னாம்மா, வண்டில ஆம்பள யாரும் இல்லியா?"

"இருக்கான். பிறந்து பத்து நாளாச்சு" என்றாள் அக்கா.

அவர் சிரித்துவிட்டார். "முன்னால பள்ளத்துல தண்ணி நிக்குது. முழங்காலுக்கு மேல கீது. இந்த வண்டி தாண்டுமா?"

எஞ்சின் தண்ணீர் கொதித்து முன்னால் ஆவி வந்துகொண்டிருந்தது. அக்கா எஞ்சினை நிறுத்தினாள். தெரியாத தண்ணீரில் அவள் வண்டியை இறக்க மாட்டாள். முதலில் நடந்து பார்ப்பாள், ஆழம் எவ்வளவு, அடியில் கல்லா சேறா என்று. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினாள். "உடனே வந்துடறேன். லாரி போய் முடிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டுப் போலீஸ்காரரோடு நடந்தாள்.

லாரிகள் முடியவில்லை. ஒவ்வொன்றும் எங்களைக் கடக்கும்போது வண்டி குலுங்கியது. காற்று பின்னாலிருந்து அடித்தது. எஞ்சின் நின்றிருந்தது, டிரம்மில் கரி கனல்வது நிற்கவில்லை. எஞ்சின் ஓடும்போது அந்த வாயுவை இழுத்துக்கொள்ளும். நின்றால் இழுக்க ஆளில்லை. அது கிடைத்த சந்து வழியாக வெளியே வரும். இதையெல்லாம் அக்கா பிறகுதான் எனக்கு விளக்கினாள். அப்போது எனக்குத் தெரிந்தது தலைவலி மட்டும். நெற்றிப்பொட்டில் யாரோ விரலால் தட்டிக்கொண்டே இருப்பது போல. மழையில் நனைந்ததால் என்று நினைத்தேன்.

பின்னால் ஜெபமாலை நடந்துகொண்டிருந்தது. இரண்டாவது பத்துமணியின் நடுவில் லூயிசாவின் குரல் நின்றது. அம்மா கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு அந்தப் பாதியையும் தானே சொன்னாள். பிள்ளை பெற்ற உடம்பு, தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். அம்மாவும் அப்படித்தான் நினைத்திருப்பாள். எழுப்பவில்லை.

பிறகு அம்மா தனியாகவே சொல்லிக்கொண்டு போனாள். பத்து முடிந்ததும் திரித்துவ தோத்திரம் சொல்ல வேண்டும். அது வரவில்லை. பதினொன்று சொன்னாள். பன்னிரண்டு சொன்னாள். எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. எங்கள் அம்மா சலேத்தம்மாள் மணி தவறியதே கிடையாது. அப்பாவின் சவத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னபோதுகூடத் தவறவில்லை. இப்போது முதல் பாதியை இரண்டு தரம் சொன்னாள். பிறகு, "எங்கள் மரண நேரத்திலும்" என்று பின்பாதியின் கடைசியிலிருந்து ஆரம்பித்தாள். அதையே திருப்பிச் சொன்னாள். மூன்றாவது தடவை 'மரண' என்றதோடு நின்றது.

அடுத்ததற்காகக் காத்திருந்தேன். மழை மட்டும் கேட்டது.

"அம்மா" என்றேன். எனக்கே கேட்காத குரலில் சொல்லியிருப்பேன்.

புடவையைப் பிடித்து இழுத்தேன். கூரைக்கம்பியிலிருந்து அது அவிழ்ந்து என் மேல் விழுந்தது. அம்மா பின்னால் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து உட்கார்ந்திருந்தாள். கன்னங்கள் சிவந்திருந்தன. பல வருஷமாக அவள் முகத்தில் அப்படி ஒரு நிறத்தைப் பார்த்ததில்லை. கல்யாணப் போட்டோவில் வர்ணம் தீட்டியது போல இருந்தது. ஜெபமாலை கையிலிருந்து நழுவி மடியில் கிடந்தது. லூயிசா மறுபக்கத் திரையோடு முகத்தை ஒட்டிச் சாய்ந்திருந்தாள். அவள் கைக்குள் குழந்தை. அழவில்லை. உள்ளே ஒரு வாசனையும் இல்லை.

நான் கதவைத் திறந்துகொண்டு ரோட்டில் விழுந்தேன். அக்கா தூரத்தில், தண்ணீருக்குள், எனக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள். "அக்கா!" என்று கத்தினேன். ஒரு லாரி கடந்து போயிற்று. குரல் அதோடு போய்விட்டது. மறுபடி கத்தினேன். வரவில்லை. உள்ளே கையை விட்டு, ஸ்டீயரிங்குக்கு வெளியே தொங்கும் ரப்பர் ஹாரனை இரண்டு கையாலும் பிடித்து அழுத்தினேன். விட்டுவிட்டு அழுத்தினேன். பட்டாள வண்டிகளைப் பார்த்து யாரும் ஹாரன் அடிக்க மாட்டார்கள். ஒரு சிப்பாய் லாரியிலிருந்து என்னைப் பார்த்து ஏதோ திட்டினான். நான் நிறுத்தவில்லை.

அக்கா திரும்பினாள். எங்கள் வண்டியில் அவளைத் தவிர யாரும் ஹாரனைத் தொட்டதில்லை. தண்ணீரில் விழுந்து எழுந்து ஓடிவந்தாள்.

வந்தவள் என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. திரையைக் குமிழ்களோடு பிய்த்து எறிந்தாள். லூயிசாவின் கையிலிருந்து குழந்தையை எடுத்து என் கையில் கொடுத்தாள். "துணியை அவுரு. மழையில பிடி. முகத்துல காத்துப் படட்டும்."

"மழையிலயா?"

"பிடிடீ!"

ரோட்டின் நடுவில், கொட்டுகிற மழையில், சுற்றியிருந்த துணிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக் குழந்தையைக் கையில் ஏந்தி நின்றேன். அவன் உடம்பில் மழை விழுந்தது. ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவன் காலை உதைத்தான். வாயைக் கோணி, மூச்சை இழுத்து, அழுதான். அழுகை என்று சொல்ல முடியாது, பூனைக்குட்டி கத்துவது போல ஒரு சத்தம். நான் அவனை நனையவிட்டபடியே நின்றேன்.

போலீஸ்காரரும் ஒரு மாட்டுவண்டிக்காரரும் லூயிசாவை இறக்கி வண்டியின் படியில் உட்காரவைத்தார்கள். அவளுக்கு வாந்தி வந்தது. கண்ணைத் திறந்து, "பாப்பா?" என்றாள். அவள் பக்கத்துத் திரையில் கடைசிக் குமிழ் கழன்றிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். குழந்தைக்கு வேர்த்தது என்று, அம்மாவுக்குத் தெரியாமல் அதைக் கழற்றி, துண்டை உள்ளே இழுத்துவிட்டு, அந்தச் சந்தில் அவன் முகம் இருக்கும்படி சாய்ந்திருக்கிறாள். பிறகு அவளே அதைச் சொன்னாள்.

அம்மாவின் பக்கத்தில் சந்து இல்லை. அவள் அடைத்த துண்டு அவள் அடைத்தபடியே இருந்தது.

அக்கா அம்மாவை ரோட்டோரச் சேற்றில் குப்புறப் படுக்கவைத்து, முகத்தை ஒருபுறம் திருப்பி, இடுப்புக்கு இருபுறமும் முட்டி போட்டு உட்கார்ந்து முதுகை அழுத்தி அழுத்தி விட்டாள். ஏ.ஆர்.பி.யில் கற்றுக்கொடுத்த வித்தை. பெற்ற தாயின் முதுகில் ஏறி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து மாட்டுவண்டிக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கா வாய்க்குள் எண்ணிக்கொண்டே அழுத்தினாள். லாரிகள் போய் முடிந்தன. பஸ் நகர்ந்தது. அவள் நிறுத்தவில்லை. கடைசியில் அம்மாவிடமிருந்து குறட்டை போல ஒரு மூச்சு வந்தது. இன்னொன்று வந்தது. கண் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த வண்டியை அவள் ஓட்டியதுதான் எனக்கு இன்றுவரை மறக்கவில்லை. சீட்டுக்கடியில் இருந்த பெட்ரோல் புட்டியைத் திறந்து ஊற்றினாள். பின்பக்கம் டிரம்மைத் திறந்து, தேங்கியிருந்த தண்ணீரை மொண்டு கொட்டிக் கரியை அணைத்தாள். அம்மாவைப் பின்சீட்டில் சாய்த்து நானும் லூயிசாவும் பிடித்துக்கொண்டோம். ஒரு பக்கமும் திரை இல்லை. மழை உள்ளே அடித்தது.

பள்ளத்துத் தண்ணீரில் வண்டியை இறக்கினாள். முதல் கியரில், மனிதன் நடக்கும் வேகத்தில்.

"அக்கா, வேகமாப் போயேன்! அம்மா மூச்சு நின்னு நின்னு வருது!" என்று லூயிசா கத்தினாள்.

"முடியாது. வேகமாப் போனா தண்ணி எஞ்சின்ல ஏறும். நடுவுல நின்னா நாம எல்லாம் இங்கதான்."

"கொஞ்சமாவது!"

"லூயிசா, அம்மா மூச்சை எண்ணு. எனக்குக் கேக்கற மாதிரி சத்தமா எண்ணு. ரோட்டை நான் பார்த்துக்கறேன்."

போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கம்பால் ரோட்டு ஓரத்தைத் தட்டித் தட்டி எங்களுக்கு முன்னால் நடந்தார். தண்ணீர் வண்டியின் படிக்கு மேலே வந்தது. அக்காவின் கழுத்து நரம்பு புடைத்திருந்ததைப் பார்த்தேன். ஆனால் அவள் கால் ஒரே அழுத்தத்தில், கூடாமல் குறையாமல், இருந்தது. மேட்டில் ஏறியதும் பிரேக்கை மெல்ல மிதித்து மிதித்து ஈரத்தைக் காயவைத்தாள். அப்போதும்கூட. பின்னால் அம்மா செத்துக்கொண்டிருக்கிறாளோ என்று தெரியாத அப்போதும்கூட. பாலத்தின் மேல் காற்று வண்டியை ஒரு பக்கம் தள்ளியது. கீழே ஆறு சேற்று நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. தேனாம்பேட்டையில் ஒரு மரம் பாதி ரோட்டுக்குச் சாய்ந்திருந்தது. அதைச் சுற்றினாள். டிராம் தண்டவாளத்தைக் குறுக்கே வெட்டித் தாண்டினாள். ராயப்பேட்டை ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தி, கைபிரேக்கை இழுத்துவிட்டு மறுபடி ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டாள். ஸ்டீயரிங்கிலிருந்து விரல்களைப் பிரிக்க நான் உதவ வேண்டியிருந்தது.

அம்மா பிழைத்தாள். மறுநாள் கண்ணைத் திறந்தாள். அந்த வாரமே கஞ்சி குடித்தாள். எங்களையெல்லாம் அடையாளம் தெரிந்தது. இக்னேஷியஸுக்குச் சளிகூடப் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் மற்றது தெரிந்தது. சாயங்காலம் ஜெபமாலைக்கு உட்கார்ந்தால் மூன்றாவது பத்துமணிக்கு மேல் அம்மாவுக்குப் போகாது. மணியை விரலில் பிடித்தபடி எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்ப்பாள். அடுத்து என்ன என்று கேட்கக் கூச்சப்படுவாள். காலையில் சாப்பிட்டது மதியத்தில் நினைவிருக்காது. பரங்கிமலை, மழை, பாலம் எதுவும் நினைவில்லை. நெஞ்சில் தங்கிய கரிவாயு போய்விட்டது, தலையில் அது செய்துவிட்டுப் போனதுதான் மாறாது என்று டாக்டர் அக்காவிடம் சொன்னார்.

ஜெபமாலையை யாராவது ஆரம்பித்துவைக்க வேண்டும். லூயிசாவுக்குக் குழந்தை. அக்கா வீட்டுக்கு வரும்போது இருட்டிவிடும். முதல் நாள் யாரும் தொடங்காமல் உட்கார்ந்திருந்தோம். அம்மா என்னைப் பார்த்தாள். நான் தொடங்கினேன்.

மார்கழியில் ஒருநாள் எல்லோரும் லஸ் கோயிலுக்குப் போனோம். குழந்தை நல்லபடியாக வீடு வந்தால் பிரகாச மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவதாக அம்மா முன்பே நேர்ந்திருந்தாள். அது மட்டும் அவளுக்கு மறக்கவில்லை. பின்பக்கம் டிரம் கனன்றுகொண்டிருந்தது. வேறு வழியில்லை, சண்டை முடியவில்லை. அக்கா கொட்டகையில் வைத்துத் திரைகளைத் தானே வெட்டித் தைத்திருந்தாள். இனி யார் நினைத்தாலும் முழுதாக மூட முடியாது. மேலே நாலு விரல் அகலத்துக்குத் துணியே இல்லை. கிளம்பும்போது வழக்கம்போல விரலை வைத்து அளந்தாள்.

தெருமுனை திரும்பும்போது தூறல் விழுந்தது. நான் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலையைத் தொடங்கியிருந்தேன்.

"ஃப்ளோரன்ஸ், திரை திறந்திருக்கு பாரு. பிள்ளைக்குக் காத்துப் படும்" என்றாள் அம்மா.

"இருக்கட்டும்மா. கரிப்புகை போகணும்."

"புகையா? ஒரு வாசனையும் வரலியே."

"இது வாசனை வராத புகைம்மா."

"அப்படியா" என்றாள் அம்மா. சிரிக்கவில்லை. புதிதாக ஒன்றைக் கேட்டது போலத் தலையாட்டினாள்.

கச்சேரி ரோடு தாண்டுவதற்குள் மறுபடியும், "ஃப்ளோரன்ஸ், திரை திறந்திருக்கு பாரு" என்றாள். அக்கா அதே குரலில், அதே பதிலைச் சொன்னாள். கோயில் போய்ச் சேருவதற்குள் எத்தனை முறை என்று நான் எண்ணவில்லை. ஒரு முறைகூட அவள் குரல் மாறவில்லை. அன்றைக்கு என்ன நடந்தது என்று அம்மாவிடம் அவள் இன்றுவரை சொன்னதும் இல்லை.

கடைசியில் அம்மா பேசுவதை விட்டுவிட்டுத் தன் முந்தானையைச் சுருட்டி அந்தச் சந்தில் திணிக்கக் கையை உயர்த்தினாள். நான் ஜெபத்தை நிறுத்தி, அந்தக் கையைப் பிடித்து என் மடியில் வைத்துக்கொண்டேன். மறு கையைத் திரையின் மேல் ஓரத்தில் வைத்தேன். மழைத்துளியும் காற்றும் விரல்களின் மேல் பட்டுக்கொண்டே இருந்தன.

"நாலாவது மணி, நோரா" என்று முன்னாலிருந்து அக்கா சொன்னாள், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் விட்ட இடத்திலிருந்து உரக்கச் சொன்னேன்.